‘மாத்திடுங்க சார்’ என்கிற வியாதி

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. தாராசுரம் தாண்டிக் கும்பகோணத்துக்குள் நுழைகிற இடம். முன்னால் போன டவுன் பஸ் நின்றது. நானும் கிளட்சை மிதித்து நிறுத்தினேன். கார் ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்தது, இரண்டு உலுக்கு உலுக்கியது, அப்படியே அணைந்துவிட்டது. பக்கத்தில் என் மனைவி. கண் டாக்டரிடம் பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பின்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரி. அதற்குப் பின்னால் எத்தனை வண்டியோ. சாவியைத் திருகினால் பிடிக்கிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைகிறது. ஹாரன் சத்தத்தில் காது அடைத்துப் போயிற்று.

ஒரு பையன் பைக்கை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் குனிந்தான். “தாத்தா, இத வித்துட்டு ஆட்டோல போங்க” என்றான். சொன்னவன் சும்மா போகவில்லை. ஓரமாகத் தள்ளியும் விட்டான். ஆகவே அவன் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அடுத்த இரண்டு மாதத்தில் நான் பார்த்தவர்கள் மேல். அதைவிட அதிகமாக என் மேல்.

அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். பழைய கார் வைத்திருக்கும் என் வயசுக்காரர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவேண்டும். சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: பாகத்தை மாற்றுவது வேறு, பழுது பார்ப்பது வேறு. முதலாவது எல்லாருக்கும் வரும். இரண்டாவது நம் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சாகவிடுவதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

நோயாளி

எங்கள் வண்டி மாருதி 800, 1998 மாடல். 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. இன்ஜெக்‌ஷன் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. 1983 டிசம்பரில் முதல் மாருதி வெளிவந்தபோது நான் காரைக்காலில் அரசாங்க குமாஸ்தா. அன்றைக்கு அது பேப்பரில் படம் பார்க்கிற சமாசாரம். 2005ல்தான், அதுவும் பழைய வண்டியாக, வாங்க முடிந்தது. ரிட்டயரானபின் மனைவியின் ஊரான பாபநாசத்துக்கு நாங்கள் குடிவந்தோம். வண்டியும் கூட வந்தது. 2014 ஜனவரியில் கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. நாங்கள் நிறுத்தவில்லை.

வியாதி இதுதான். காலையில் சோக்கை இழுத்தால் கிளம்பும். ரோட்டில் ஐம்பது அறுபதில் போகும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. நின்றால் மட்டும் நடுக்கம். ஸ்டியரிங் கையில் ஆடும், கண்ணாடி படபடக்கும், பிறகு அணையும்.

ஓடும்போது நன்றாக ஓடுகிறது, நிற்கும்போது அணைகிறது. இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் முக்கால்வாசித் தீர்ப்பு இதிலேயே இருக்கிறது. மூன்று பட்டறையில் இதைச் சொன்னேன். மூன்றிலும் காதில் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

மூன்று பட்டறை, 12,400 ரூபாய்

முதல் பட்டறையில் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. “கார்புரேட்டர் போயிடுச்சு சார். மாத்திடுங்க.” மாற்றினேன். கூலியோடு 6,300. பத்து நாள் பிரமாதமாக ஓடியது. ஏன் ஓடியது என்பது பிறகுதான் புரிந்தது: ஐடிலிங் திருகை ஏற்றி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஜுரக்காரனுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை கொடுத்து அனுப்பினது மாதிரி. பத்தாம் நாள் ஜுரம் திரும்பி வந்தது. பழைய கார்புரேட்டர் எங்கே என்று கேட்டேன். “ஸ்கிராப்ல போட்டாச்சு சார்.”

இரண்டாவது பட்டறைக்காரர் வண்டியைப் பார்க்கவே இல்லை, பங்கைத்தான் பார்த்தார். “எல்லாம் இந்த ஈ20 பெட்ரோல் சார். பெட்ரோல் பம்ப் போயிருக்கும்.” பம்ப், ஃபில்டர், கூலி: 2,450. அன்று மாலையே வீட்டு வாசலில் அணைந்தது.

மூன்றாவது பெரிய இடம். ஏ.சி. அறை, தண்ணீர் பாட்டில், சீருடை போட்ட பையன்கள். ஒரு பையன் கையில் கருவியை வைத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுத் தேடினான். “சார், ஸ்கேனர் பாயின்ட் எங்க இருக்கு?” நான் சொன்னேன்: “தம்பி, இந்த வண்டிக்கு அது கிடையாது. நீதான் ஸ்கேனர்.” அவன் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றவேண்டும் என்றான். 3,650. பில்லோடு ஒரு யோசனையும் இலவசமாகக் கிடைத்தது: “எக்ஸ்சேஞ்சுல குடுத்துடுங்க சார், இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட்.”

மொத்தம் 12,400 ரூபாய். வண்டி அப்படியேதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

இங்கேதான் என் மேல் கோபம். சர்வீஸில் பல வருஷம் நான் வாகனப் பிரிவு பார்த்தவன். ஆபீஸ் ஜீப் ரிப்பேர் பில் என் மேஜைக்கு வந்தால் மூன்று கேள்வி கேட்பேன். டிரைவர் சொன்ன குறை என்ன? அதைப் பரிசோதித்துப் பார்த்தது யார்? கழற்றிய பழைய பாகம் ஸ்டோருக்கு வந்ததா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பில் நகராது. சர்க்கார் பணத்துக்கு அத்தனை கேள்வி கேட்டவன், சொந்தப் பென்ஷன் பணத்துக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் மூன்று தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ரலாந்தி

என் படிப்பு பிரெஞ்சு வழி. காரைக்காலில் 1954 நவம்பரில் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது; சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டில்தான். நான் அந்த இடைக்காலத்தில் ஸ்லேட்டு தூக்கிய பிள்ளை. கராஜ், ஷோஃபர், கார்புரேட்டர் எல்லாமே பிரெஞ்சிலிருந்து கிளம்பின வார்த்தைகள். ஸ்பார்க் பிளக்குக்கு அவர்கள் சொல்வது ‘பூஜி’. மெழுகுவத்திக்கும் அதே பெயர்தான். நாம் ஐடிலிங் என்று சொல்வதற்கு ‘ரலாந்தி’ என்பார்கள். மெதுவாக்கிய ஓட்டம் என்று அர்த்தம். ஓய்வு இல்லை, மெதுவான ஓட்டம். இந்த வார்த்தையிலேயே விஷயம் இருக்கிறது.

வண்டி ஓடும்போது காற்றுக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. காற்றும் பெட்ரோலும் தாராளம். ஐடிலிங்கில் அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் மூடின கதவுக்கு எதிராக உறிஞ்சுவதால் உள்ளே பலமான வெற்றிடம் உண்டாகும். பெட்ரோல் வருவதோ ஸ்லோ ஜெட் என்கிற ஊசித்துளை வழியாக மட்டும். நிமிஷத்துக்குச் சுமார் 900 சுற்று, அவ்வளவுதான். பத்து பேர் சாப்பிடும் பந்தியில் ஒரு கரண்டி குறைந்தால் தெரியாது. ஒற்றை ஆள் கஞ்சி குடிக்கும்போது அரைக் கரண்டி குறைந்தாலும் தெரியும். ஐடிலிங் அந்தக் கஞ்சி.

எனவே, ஓடும்போது நன்றாக இருந்து நிற்கும்போது மட்டும் தடுமாறினால், குற்றவாளி சின்னவன். எங்கேயோ ஒரு கீறலில் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, அல்லது ஊசித்துளையில் தூசி அடைத்திருக்கிறது, அல்லது ஒரு பிளக் சரியாக வெட்டவில்லை, அல்லது பெட்ரோலில் தண்ணீர். பம்ப் பலவீனமென்றால் வேகத்தில்தானே முதலில் மூச்சு வாங்கவேண்டும்? நிற்கும்போது பசிக்கிறது என்பவனுக்கு, ஓடும்போது பசிக்கவில்லையா என்று கேட்கத் தெரியாதவர் என் பம்பை மாற்றினார்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் முசே, டேக்கார்த் 1637ல் எழுதிய புத்தகத்திலிருந்து நான்கு விதிகளை நெட்டுருப் போட வைத்தார். தெளிவாகத் தெரியாத எதையும் உண்மை என்று ஒப்புக்கொள்ளாதே. சிக்கலைச் சின்னச் சின்னதாகப் பிரி. எளியதிலிருந்து தொடங்கிக் கடினத்துக்குப் போ. எதையாவது விட்டுவிட்டோமா என்று கடைசியில் எண்ணிப் பார். அடிக்குப் பயந்து படித்தது. அது எனக்கு உதவ வேண்டிய நாளில் நான் மறந்துவிட்டேன். பிரெஞ்சில் ஓர் எழுத்துத் தெரியாத மனிதர் ஞாபகப்படுத்தினார்.

பாய்

ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு பெரியவர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். வேப்பமரத்தடிக் கொட்டகை, போர்டு கிடையாது. என்னைவிட ஏழெட்டு வயசு குறைவு. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பானெட்டைத் திறக்கவில்லை. பெஞ்சைக் காட்டினார்.

“உக்காருங்கய்யா. எப்ப நிக்கிது?”

சொன்னேன்.

“காலைல குளிர்லயா, ஓடி சூடானப்பறமா?”

“ரெண்டுலயும், பாய்.”

“பிரேக் மிதிச்சா நிக்கிதா, மிதிக்காமயும் நிக்கிதா? லைட்ட போட்டா நடுக்கம் கூடுதா? மழைக்கு முன்னாடி இருந்துச்சா?”

பத்துப் பதினைந்து கேள்வி. கும்பகோணத்துக் கண் டாக்டர்கூட என் மனைவியை இத்தனை கேட்டதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது. குளிரில் மட்டும் அணைந்தால் சோக்கைப் பார்க்கவேண்டும். சூட்டில் மட்டும் என்றால் காயில், கண்டன்சர், அல்லது குழாயிலேயே பெட்ரோல் ஆவியாவது. பிரேக் மிதிக்கும்போது என்றால் பிரேக் பூஸ்டருக்குப் போகிற ஓஸ். லைட் போட்டால் என்றால் பேட்டரி, ஆல்டர்னேட்டர். இதற்கெல்லாம் ஸ்கேனர் வேண்டாம், காது வேண்டும்.

பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு வண்டியை ஓடவிட்டார். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக இன்சுலேஷன் பிளையரால் விலக்கினார். விலக்கினதும் இன்ஜின் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. தடுமாறாவிட்டால் அவன்தான் சோம்பேறி. மூன்றும் தடுமாறின. “பிளக்கு, கரண்டு எல்லாம் நல்லாருக்குய்யா.” ஆக, என் 3,650 ரூபாய் டிஸ்ட்ரிபியூட்டர் வீண் என்பது ஒரு நிமிஷத்தில் நிரூபணமாயிற்று.

அடுத்தது ரப்பர் ஓஸ்கள். ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பிடித்தார். நாலாவதை நசுக்கியதும் நடுக்கம் சட்டென்று நின்றது. விட்டார், நடுங்கியது. நசுக்கினார், நின்றது. என் மனைவி கைதட்டாத குறை. மேனிஃபோல்டிலிருந்து புறப்படுகிற விரல் கனமான ஓஸ். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கிறது, அடிப்பக்கம் நகம் நீளத்துக்கு வெடிப்பு. 27 வருஷத்து ரப்பர். வெடிக்காமல் என்ன செய்யும்.

வண்டியை விடாமல், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து நிழலில் வைத்தார். அரை மணி நேரத்தில் பாட்டிலின் அடியில் தனியாக ஒரு படலம். “தண்ணிய்யா. அடைமழைல அரை டேங்கோட நிறுத்தி வச்சிருந்தீங்களா?” வைத்திருந்தேன். பதினெட்டு நாள். புதுக் கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட்டிலும் அந்த டேங்க்கின் துரு பழுப்பாகப் படிந்திருந்தது. காற்று ஓட்டையால் நடுக்கம், தண்ணீராலும் துருவாலும் அணைவது: இரண்டு குறை ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பழைய கார்புரேட்டருக்குப் பரிமாறிய அதே அழுக்கைப் புதியதற்கும் பரிமாறியிருக்கிறோம். சமையலறையைப் பார்க்காமல் இலையை மாற்றினால் சாப்பாடு ருசிக்குமா?

ஓஸ் 60 ரூபாய். டேங்க்கை வடித்து, ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, ஐடிலிங் திருகையும் மிக்சர் திருகையும் காதால் கேட்டு வைத்த கூலி, சில்லறைச் சாமான் சேர்த்து 740. ஆக 800 ரூபாய். வெடித்த ஓஸைத் துணியில் துடைத்து, கேட்காமலே என் கையில் கொடுத்தார். அந்த மனிதரிடம் ஆபீஸ் ஸ்டோர் ரிஜிஸ்டரை ஒப்படைத்திருக்கலாம்.

இங்கிருந்து நாலு கல் தூரத்தில் உத்தமதானபுரம். உ.வே.சாமிநாதையரின் சொந்த ஊர். ஏடுகளில் பாடம் பொருந்தாத இடம் வந்தால், ஊர் ஊராகப் போய் வேறு பிரதிகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். தன் இஷ்டத்துக்கு ஓர் எழுத்தை மாற்றிவிடவில்லை. அவர் பிறந்த வட்டாரத்தில் இன்றைக்கு இரண்டு நிமிஷத்தில் கார்புரேட்டரையே மாற்றுகிறார்கள்.

பெட்ரோலா குற்றவாளி?

இப்போது எந்தப் பட்டறைக்குப் போனாலும் ‘ஈ20’ என்ற ஒரே பதில். டாக்டர்கள் ‘வைரல்’ என்று சொல்வது போல ஆகிவிட்டது. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சாக்கு என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

ஈ20 என்றால் 100 லிட்டரில் 20 லிட்டர் எத்தனால். நம் நாட்டில் 2003ல் ஐந்து சதவீதக் கலப்பாகத் தொடங்கியது. 2022 ஜூனில் பத்தை எட்டியது. 2030க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025லேயே எட்டிவிட்டார்கள். கரும்பிலிருந்து மட்டுமில்லை, அரிசியிலிருந்தும் எடுக்கிறார்கள். 2025ல் இந்திய உணவுக் கழகக் கிடங்கு அரிசி எத்தனால் ஆலைக்குக் கிலோ 22 ரூபாய் 50 காசுக்குப் போனது. நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிற்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, அரிசி என் டேங்க்குக்குள் வருவதை நினைத்தால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வேறு வழக்கு. இப்போது வண்டியை மட்டும் பார்ப்போம்.

உண்மைகள் மூன்று. ஒன்று: ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். ஈ20க்குச் சுமார் 13.5. கம்ப்யூட்டர் வண்டி இதைத் தானே உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரின் துளை பழைய கணக்குக்குப் போட்ட துளை. கலவை மெலிந்து, ஐடிலிங்கில் கொஞ்சம் நடுக்கம் வரும். மிக்சர் திருகை அளவாகத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். இரண்டு: எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் ஆசை. தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டு அதோடு சேர்ந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தான். காவிரிப் படுகையின் ஐப்பசி கார்த்திகையில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கு இது முக்கியம். மூன்று: பழைய வண்டிகளின் ரப்பர், கேஸ்கெட் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. இதை அரசாங்கமே மறுக்கவில்லை. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 - 30,000 கிலோமீட்டருக்குப் பின் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு குறைவுதான் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் சொன்னது.

கவனியுங்கள். மாற்றச் சொல்வது ரப்பரைத்தான். கார்புரேட்டரை இல்லை, பம்பை இல்லை, காரை இல்லை.

ஆகவே ஈ20 மேல் எல்லாப் பழியையும் போடுவது சோம்பேறித்தனம். ஆனால் ஒரு குற்றத்தை அரசாங்கத்தின் மேல் சுமத்தியே தீருவேன்: எனக்குத் தேர்வு செய்ய இடமில்லை. 2021ல் வந்த நிதி ஆயோக் திட்ட அறிக்கையே, பழைய கணக்கில் வடிவமைத்த கார்களுக்கு ஈ20ல் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று எழுதியிருக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் ஈ20ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முன் வாங்கியவர்கள் எங்கே போவது? எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்கவேண்டும் என்று போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1ஆம் தேதி தள்ளுபடி செய்துவிட்டது.

பிரான்ஸில் என்ன செய்கிறார்கள்? காரைக்காலில் பாதி வீடுகளுக்கு அங்கே உறவுக்காரர்கள் உண்டு. எங்கள் வீட்டுக்கும் உண்டு. அங்கே 2009ல் ஈ10 வந்தபோது, ஈ5 பெட்ரோலைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில். 2018லிருந்து ஒவ்வொரு குழாயிலும் வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். 2000க்குப் பின் செய்த வண்டி என்றால் பொதுவாக ஈ10. பழைய வண்டியென்றால் ஈ5. எது வேண்டும் என்பது வண்டிக்காரன் பாடு. அதே மரியாதையைத்தான் கேட்கிறேன். எத்தனால் போடட்டும், கரும்பு விவசாயிக்குப் பணம் கிடைக்கட்டும், அந்நியச் செலாவணி மிச்சமாகட்டும். பழைய வண்டிக்காரனுக்கு ஒரு குழாயை விட்டு வைக்கட்டும்.

எளியதிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் பழைய வண்டி நின்றால் நடுங்குகிறதா? பட்டறைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: எப்போது அணைகிறது, குளிரிலா சூட்டிலா, பிரேக்கிலா, மழைக்குப் பிறகா, பெட்ரோல் போட்டதற்குப் பிறகா. பிறகு இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்:

1. ஏர் ஃபில்டர், பேட்டரி முனை, சோக் முழுதாகத் திரும்புகிறதா. காசு செலவில்லை.
2. ரப்பர் ஓஸ்கள், ஒவ்வொன்றாக நசுக்கி.
3. பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து வைத்துப் பார்ப்பது. பங்கிலேயே ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு; கூச்சப்படாதீர்கள்.
4. பிளக், பிளக் இடைவெளி, ஒயர்.
5. பெட்ரோல் ஃபில்டர், ஸ்லோ ஜெட்.
6. டைமிங், வால்வ் இடைவெளி.
7. இவ்வளவும் முடிந்த பிறகே கார்புரேட்டர், பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர் என்ற பேச்சு.

ஓடுகிற இன்ஜினில் பிளக் ஒயரை நீங்களாக வெறுங்கையால் தொடவேண்டாம். பெட்ரோல் பாட்டில் பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்கவேண்டாம்.

நம் பங்கு

மெக்கானிக்குகளை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயமில்லை. பாயிடம் கேட்டேன்: “உங்களுக்குப் பின்னால இதை யாரு பார்ப்பாங்க?” அவர் மகன் வெளிநாட்டில். கொட்டகையில் உதவிக்கு ஒரு பையன்கூட இல்லை.

“ஒரு மணி நேரம் காது குடுத்துக் கேட்டு, ரெண்டு திருகு திருகிட்டு, எரநூறு ரூவா கேட்டா, ‘என்ன பாய், ஒண்ணுமே மாத்தல, எதுக்கு எரநூறு’ம்பாங்க. ஐயாயிரம் ரூவா சாமானை மாத்தினா, பேசாம குடுத்துட்டுப் போவாங்க. பையன் எதைக் கத்துக்குவான்யா?”

எனக்குப் பதில் சொல்ல வாயில்லை. நானே எத்தனையோ தடவை அப்படிப் பேரம் பேசினவன். கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்குக் காசு கொடுப்போம். கண்ணுக்குத் தெரியாத அறிவுக்குக் கொடுக்கமாட்டோம். பட்டறைக்காரன் பிழைக்கவேண்டாமா? நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதை விற்கிறான். ‘மாத்திடுங்க சார்’ என்கிற வியாதியை ஊட்டி வளர்த்தது நாம்தான். இனிமேல் குறையைக் கண்டுபிடிக்கிறதுக்குத் தனிக் கூலி என்று நாமாகச் சொல்லிக் கொடுப்போம். 500 ரூபாய் கொடுத்தாலும், 12,400ஐவிடக் குறைவுதான்.

“பழைய வண்டி புகை, ஆபத்து, வித்துத் தொலைங்க” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகை பரிசோதனைச் சான்று வாங்கித்தான் ஓட்டுகிறேன். 15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600லிருந்து 5,000 ஆக்கினார்கள், முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். வருஷத்தில் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். கும்பகோணத்துக் கண் டாக்டர், தஞ்சாவூரில் பேத்தி, மாசத்தில் ஒரு கோயில். அதற்குப் புதுக் கார் வாங்கு என்பது பென்ஷன்காரனுக்குச் சொல்கிற புத்தியா?

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். இதே மாதிரி நடுக்கம். ‘இன்ஜின் அவுட்’ என்றார்கள். நம்பி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். வாங்கினவன் ஜெட்டைச் சுத்தம் செய்து அடுத்த வாரமே அதே தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போனான். போனது கார் மட்டுமில்லை. முழங்கால் வலியோடு பஸ் படி ஏற முடியாமல், கும்பகோணத்து நண்பர்களைப் பார்க்கப் போவதையே விட்டுவிட்டார். இப்போது திண்ணைதான். நம் வயசில் வண்டி நடுரோட்டில் அணைந்தால் அவமானம், அவ்வளவுதான். வண்டி மேல் நம்பிக்கை அணைந்தால் நடமாட்டமே நின்றுவிடும். அதற்காகத்தான் இத்தனை கோபமும்.

போன வாரம் அதே தாராசுரம் ரோடு, அதே மாதிரி டவுன் பஸ் முன்னால் நின்றது. காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். என் மனைவி, “ஏங்க, நின்னுடுச்சா?” என்று பதறினாள்.

நிற்கவில்லை. சத்தம் கேட்காத அளவுக்கு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

பின்குறிப்பு: வெடித்த ஓஸ் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அடுத்த பட்டறைக்காரர் ‘மாத்திடுங்க’ என்று ஆரம்பித்தால், வாயைத் திறப்பதற்கு முன் அதை எடுத்து அவர் மேஜையில் வைப்பதாக உத்தேசம்.